மழை பெய்திருந்தால்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் காலை ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரில், காக்கிச் சட்டை போட்ட மின்சார லைன்மேன் திடீரென்று சொன்னார்:

"மழ பேஞ்சிருந்தா அந்த மாடு பொழச்சிருக்கும்பா."

"இன்னாப்பா சொல்ற? ஈரத்துலதான கரண்டு ஜாஸ்தி அடிக்கும்?" என்றார் கூட வந்த அவர் நண்பர்.

ஜன்னலுக்கு வெளியே, சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. லைன்மேன் அதைக் காட்டினார்.

"ஈர மண்ணுல கம்பி விழுந்தா ஒடனே லைன் ட்ரிப் ஆவும், கரண்டு தானா நின்னுடும். அந்த மண்ணு காஞ்சி கெடந்துச்சு. கம்பி அறுந்து விழுந்தும் ட்ரிப் ஆவல."

"யாரும் சொல்லலியா?"

"மேட்டாண்ட கீற அம்மா ரெண்டு வாட்டி போன் பண்ணுச்சு. லைன் ட்ரிப் ஆவலம்மா, அது டிவி கேபிளா இருக்கும்னு சொல்லி வெச்சிட்டேன். மூணாவது வாட்டி பண்ணி அழுவுது. கறவ மாடு."

லைன்மேன் சட்டைப் பையிலிருந்த போனைத் தட்டிக் காட்டினார்.

"இப்பல்லாம் யார் போன் பண்ணாலும் மொதல்ல லைன ஆஃப் பண்ணிட்டுதான் தேடப் போறேன்."

"அந்தம்மாவப் போய்ப் பாத்தியா?"

"போனேன். ஒரு வார்த்த திட்டல. உக்காரச் சொல்லி டீ போட்டுக் குடுத்துச்சு. பாலில்லாத டீ."