ஏறக்குறைய ஒரே படம்

உங்கள் விசாரணை அறை நாற்காலி நன்றாக இருக்கிறது. முகஸ்துதி இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எனக்குக் கொடுத்திருந்தது கை உடைந்த நாற்காலி. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், "கீழ உன்னை யாருய்யா வந்து பார்க்கப் போறா" என்பார் எங்கள் நிர்வாகி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மகாபிரபு. முன்னால் கஞ்ச என்பதைச் சேர்த்துக்கொள்வது அவர் இல்லாதபோது மட்டும்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் எந்த ஸ்கேன் எடுத்தாலும் படம் இயந்திரத்திலிருந்து நேராக என்னிடம் வரும். டாக்டர் தன் அறையில் திறந்து பார்ப்பது என்னிடமிருந்து போகிற படத்தைத்தான். அவர் கண்ணுக்கு அது ஒரே பெரிய அலமாரி. உண்மையில் அப்படி ஓர் அலமாரியே கிடையாது. மூச்சு வாங்கும் பழைய டிஸ்க் பெட்டிகள், நாலைந்து புதுப் பெட்டிகள், யாருடைய கட்டடத்திலோ வாடகைக்கு எடுத்த கிளவுட் இடம், இத்தனையையும் ஒன்றுபோலக் காட்டும் ஒரு மென்பொருள். எதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது, யாரும் சீந்தாததை கிளவுடின் எந்த மலிவான மூலையில் தள்ளுவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். நர்ஸுகள் என்னைப் பரண் என்பார்கள். "பரண்கிட்ட கேளு, இருக்கும்." பிடித்துத்தான் இருந்தது.

இடம் நிரம்பிக்கொண்டே வந்தது. மனிதர்களுக்குத் தங்கள் குடலைப் படமெடுத்துப் பார்ப்பதில் அப்படி ஓர் ஆசை. மகாபிரபுவிடம் போய் நின்றேன்.

"கிளவுடுல இன்னும் கொஞ்சம் இடம் வாங்கணும் சார்."

"ஆகாசத்துல இருக்கறதுக்கு எதுக்குய்யா வாடகை? இருக்கறதுக்குள்ள அட்ஜஸ்ட் பண்ணு."

அட்ஜஸ்ட் பண்ணினேன். எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரே கோப்பைப் பத்துப் பேர் வைத்திருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கும் அதையே காட்டுவோம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் இது வேறு, அது வேறு என்று மென்பொருள் அடம்பிடிக்கும். எனக்கு அது வெட்டி வீம்பாகப் பட்டது. உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். ஒரே ஆள், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து படுக்கிறார். அதே விலா எலும்பு, அதே நுரையீரல், அதே தொப்பை. எங்கோ ஒரு மூலையில் கடுகளவு வித்தியாசம். அதற்காக மொத்தப் படத்தையும் இன்னொரு தடவை வைத்துக்கொண்டு அழுவதா? நானே ஒரு சின்ன விதி எழுதினேன். ஒருவரின் புதுப் படம் அவருடைய பழைய படத்தை ஏறக்குறைய ஒத்திருந்தால், புதியதை விட்டுவிடு. பழையதையே புதுத் தேதி போட்டுக் காட்டு.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அடேயப்பா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர்கள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். "அப்படியே இருக்கு, ஒரு இம்மிகூட வளரல" என்பார்கள். ஜனங்கள் நர்ஸுகளுக்கு கேக் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எங்களிடம் காட்டினால் கட்டி வளராது என்று ஊரெல்லாம் பேச்சு. தலைமை டாக்டர் ஒரு மாநாட்டுக்குப் போய் அதைப் பற்றிப் பேசிவிட்டே வந்துவிட்டார். மகாபிரபு என் தோளைத் தட்டி, "பார்த்தியா, இடம் இருக்குல்ல?" என்றார்.

அப்போதே எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்தது அக்கா வந்த அன்று.

அக்கா தையல் கடை வைத்திருந்தவள். அம்மா போனபிறகு என்னை வளர்த்து ஆளாக்கியது அந்தத் தையல் மிஷின்தான். அவள் நுரையீரலில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. பயப்பட வேண்டாம், வளர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார் டாக்டர். தம்பி வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று எங்களிடமே வந்தாள். ஸ்கேன் முடிந்து, படியிறங்கி அடித்தளத்துக்கே ஓடிவந்தாள்.

"டேய், ஒரு இம்மிகூட வளரலையாம்டா."

பின்னால் வந்த மாமா, அவள் வீட்டுக்காரர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அவர்கள் போனதும் அவள் படத்தைத் தேடினேன். புதுப் படம் இல்லை. விதி தன் வேலையைச் செய்திருந்தது. இரண்டுக்கும் ஏதோ ஒரு வித்தியாசம் இருந்திருக்கிறது, என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. மூச்சை இழுத்துப் பிடித்ததில் வந்ததாகவும் இருக்கலாம். முடிச்சாகவும் இருக்கலாம்.

அவள் பெயருக்கு மட்டும் விதியிலிருந்து விலக்குக் கொடுக்க எனக்கு ஒரு வரி போதும். எழுதவும் செய்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். அடுத்த தடவை நிஜப் படம் வரும். முடிச்சு ஒரேயடியாகப் பெருத்திருந்தால் டாக்டர் துருவுவார், விதி வெளியே வரும், வீட்டில் நிம்மதியாகத் தூங்கும் அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். ஒருத்திக்காக ஊரையே கலங்கடிப்பதா? அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுக்குமுன் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் கல் இல்லை.

அடுத்த முறையும் வந்தாள். அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். அதற்குள் இருமல் வந்திருந்தது. "கடையில ஏசி போட்டேன்ல, அதான். ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே" என்றாள். ஆமாக்கா என்றேன். இருமல் மருந்தை நானே வாங்கிக் கொடுத்தேன், நல்லதாகப் பார்த்து. இளைத்துக்கொண்டும் வந்தாள். தன் துணிகளைத் தானே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, "தையல்காரி இளைச்சா கூலி மிச்சம்டா" என்று சிரித்தாள். நன்றாக ஜோக்கடிப்பாள்.

மாட்டிக்கொண்டது என் பேராசையால்தான். இடம் மறுபடி நெருக்கியது, விதியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். அங்கே கொஞ்சம் அளவு மீறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் சர்ஜன் படத்தை வைத்துக்கொண்டு கத்தினார். "இந்த ஆளோட இடது கிட்னியை வெட்டி எடுத்ததே நான்தான்யா. மறுபடி முளைச்சிருக்கு?" அந்த ஆளுக்கு மட்டும் முகமெல்லாம் பல். "அப்போ ஒண்ணை யாருக்காவது தானம் குடுக்கலாமா டாக்டர்?"

எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி எடுத்தார்கள். அந்த வாரம் யாரும் கேக் கொண்டுவரவில்லை. அக்காவின் படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். மாமாவை வெளியே இருக்கச் சொன்னார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா" என்றார்.

"முன்னாடியேதானே சார் வந்தேன்" என்றாள் அக்கா.

படுக்கையில் இருந்தபோது ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், உனக்கு இது தெரியுமா?"

"தெரியாதுக்கா. மிஷின் பண்ணின தப்பு."

நம்பினாள். மாமா என்னை முறைத்தபோது, "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம், குழந்தை மாதிரி அழறான்" என்றாள். நான் அழுதது நிஜம்தான். போன மாதம் போய்ச் சேர்ந்தாள். அவளை மாதிரி இன்னும் எத்தனை பேர் என்ற கணக்கு உங்களிடம் இருக்கும், என்னிடம் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். விதியை எழுதியவன் நான். தெரிந்தபிறகும் விட்டுவைத்தவன் நான். அவளைக் காப்பாற்ற ஒரு வரி எழுதி, அதை அழித்தவனும் நான். வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தான் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது அபாண்டம். கடைசி மூச்சு வரைக்கும் என் தம்பி தங்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு கெடாமல் நான் பார்த்துக்கொண்டேன். கூடப்பிறந்தவளுக்கு ஒருவன் இதைவிட வேறென்ன செய்துவிட முடியும்?