போகிக்குச் சேர்த்த மோட்டார்கள்

தம்பி மெர்வினுக்கு, பக்கத்து வீட்டுக் குப்புராஜ் எழுதுவது.

போன போகிக்கு முன்னால், ஏர்போர்ட்டை ஒட்டிய நம் தெருவின் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். தலைவர் தேவானந்தம் சார் தன் வீட்டு ஹாலில், சோபாவில். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நீங்களும் உங்கள் மனைவி ஹில்டாவும். தெருமுனைக் காந்திமதி அக்கா வாசற்படியில். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை நோட்டோடு மேசையருகே உட்கார வைத்தார்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் விடாமல் எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே குழம்பிவிடும்.

ஹில்டாதான் பேசினாள். மூச்சிரைப்புக்குப் பயந்து ஒவ்வொரு போகிக்கும் கல்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த அக்கா இப்போது துபாயில்.

"நம்ம தெருவுல மட்டும் யாரும் கொளுத்தலைன்னா நான் இங்கயே இருந்துடுவேன் சார். ஒரு நாள்தானே."

"இன்னாம்மா, இதுக்குப் போய் கெஞ்சிகினு கீற? ஏரோப்ளேனுக்கே பொகை ஆவாதுன்றாங்கோ, ஒனக்கு ஆவுமா?" என்றாள் காந்திமதி அக்கா. எல்லோரும் சிரித்தோம். யாரும் கொளுத்துவதில்லை என்ற தீர்மானத்தை நான் எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையது.

பழைய மோட்டார்களை வாங்கிச் செம்பைப் பிரித்து விற்பது என் தொழில். உளியால் வெட்டி எடுத்தால் ஒரு மோட்டாருக்கு ஒரு மணி நேரம் ஆகும், தோள்பட்டை போய்விடும். தீயில் போட்டால் செம்புச் சுருளை இறுக்கிப் பிடித்திருக்கும் வார்னிஷ் எரிந்து கம்பி கையோடு வந்துவிடும். ஆனால் அந்தக் கரும்புகைக்கு மறுநாளே புகார் வரும். ஆகவே வருடம் முழுவதும் கொல்லையில் சேர்த்துவைத்து, ஊரே புகையும் போகியன்று மொத்தமாக எரிப்பேன். எட்டு வருடமாக அப்படித்தான்.

இந்த முறை நாற்பத்தோரு மோட்டார். கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கெடுக்க மனம் வரவில்லை.

காலை நாலரைக்குக் கொளுத்தினேன். காற்று ஏர்போர்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்திருந்தேன். காற்றே இல்லை. பனியில் புகை மேலே போகாமல் உங்கள் வீட்டுச் சுவரோடு படுத்தது. நீங்கள் ஏர்போர்ட்டில் இரவு டூட்டியில் இருந்தீர்கள்.

ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"அண்ணா... எங்கயோ எரியுதுண்ணா. கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்குறேன்மா. நீ ஜன்னலைச் சாத்திக்கோ."

இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பக்கத்தில்தான் இருந்தது. பாதியில் ஊற்றினால் வார்னிஷ் கல்லாக இறுகிவிடும், அப்புறம் உளிகூட இறங்காது. இன்னும் அரைமணிதான் என்று நின்றேன். அவள் சுவரைத் தட்டினாள். மூன்று முறை. நான்காவது தட்டினால் ஊற்றிவிடலாம் என்று வாளியைக் கையில் எடுத்தேன்.

தட்டவில்லை.

கதவை உடைத்தது நான். ஆட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு போனதும் நான். ஆஸ்பத்திரி வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா அவ தனியாப் போயிருப்பாண்ணா" என்று அழுதீர்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

சாத்திரத்துக்கென்று காந்திமதி அக்கா தன் வாசலில் ஒரு பழம்பாயின் முனையைக் கொளுத்தியிருந்தாள். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது; கதவை உடைத்தவன் கொல்லையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "ஒரு மொழப் பாயி சார். அந்தப் பொகையா அங்க வரைக்கும் போச்சு?" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டாள். தெரு சார்பில் அவள்மேல் புகார் எழுதியதும் நான்தான். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நீங்களும் நாகர்கோவிலுக்கே போய்விட்டீர்கள்.

ஹில்டாவைக் கொன்றது நான். இந்த வரியைத் தனித்தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் இங்கே எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் கொடுத்தனுப்பிய டப்பா என்னிடம் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன்.

கொல்லையில் மறுபடியும் பத்தொன்பது மோட்டார் சேர்ந்திருக்கிறது. உங்கள் வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, ஆகவே வரும் போகிக்கு யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. நீங்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

நாலு மணிக்குத் தபால்பெட்டியைத் திறப்பார்கள். உறையில் பசை தடவியாயிற்று. ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.