தோளில் இருந்த கை

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல போட்டோ கிடைப்பதுதான் கஷ்டம் சார். உயிரோடு இருக்கும்போது யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. செத்த பிறகு ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இல்லாவிட்டால் யார் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வாயில் இருக்கிற அப்பளத்தை எடுத்துவிட்டு, முகத்தைச் சாந்தமாக்கித் தருவது என் வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினோரு வருஷமாகச் செய்கிறேன்.

என் பெயர் இளவரசு. நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு என்னிடம் கேட்டது ஒரு போஸ்டரைப் பற்றி. அதை அடித்தது நான்தான். ஆனால் அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கேட்காத இன்னொன்றைச் சொல்ல எனக்கு வாய் வராது.

‘செம்புழுதி’ என்று ஒரு வெப் சீரிஸ் வருகிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வேறொரு கிரகத்தில் மாடு மேய்க்கிறவர்கள், இயந்திரக் குதிரை, துப்பாக்கி, எங்கு பார்த்தாலும் சிவப்புப் புழுதி. ஹீரோ பெயர் ஒத்தக்கை மாறன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு எபிசோட். கடலூர் மாவட்ட ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதற்கு நான் அட்மின். எங்கள் ஆட்கள் காடாம்புலியூர் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் தொப்பி போட்டு நின்று ரீல்ஸ் எடுத்தார்கள். கம்மாபுரம் பக்கத்து ஆள் ஒருவர் சுரங்க மண்மேட்டில் தன் பைக்குக்குக் குதிரைத் தலை கட்டி ஓட்டினார். முப்பத்தெட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நாள் முழுக்கச் செத்தவர்களின் முகத்தையே திருத்திக்கொண்டிருப்பவனுக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

ஆறாவது எபிசோடில் மாறன் செத்துப்போனான். குரூப்பே இழவு வீடாகிவிட்டது. ஒரு ஆள் மொட்டை அடித்துக்கொண்டார். நான் மாறனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தேன். தோற்றம், மறைவு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ‘ஆழ்ந்த வருத்தத்துடன், செம்புழுதி குடும்பத்தார், கடலூர் மாவட்டம்’. நம் ஊரில் யார் செத்தாலும் அதுதானே மரியாதை. அன்று ராத்திரியே கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒட்டினோம். பஸ்ஸில் போகிறவர்கள் நிஜ ஆள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

இலக்கியா என்று சிதம்பரத்துப் பெண் ஒருத்தி யூடியூபில் சீரிஸ் எல்லாம் பார்த்துப் பேசுவாள். நன்றாகவே பேசுவாள். அந்தச் சனிக்கிழமை எங்கள் போஸ்டரைக் காட்டிச் சிரித்தாள். “மாறன் குதிரைக்குப் புல்லு போடறாரா, பெட்ரோல் போடறாரான்னே ஆறு எபிசோடா யாரும் சொல்லல. அவருக்குப் போஸ்டரு. இந்த அண்ணன்மாருங்க வீட்டுல நெஜமா யாராச்சும் செத்தா இவ்ளோ அழுவாங்களா?” என்றாள்.

எங்கள் அப்பா இறந்தபோது தேர்தல் சமயம். கடையில் வேலை ஜாஸ்தி. அவருக்கு நான் போஸ்டர் அடிக்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தே சொன்ன மாதிரி இருந்தது. அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நம்பரைக் குரூப்பில் போட்டேன். என்னிடம் எப்படி இருந்தது என்றால், அவள் சேனலுக்கு லோகோ செய்து கொடுத்ததே நான்தான். அவள் அப்பா ராஜமாணிக்கம் என் கடைக்கு எதிரே உள்ள ஆபீஸில் உதவியாளர். வாரம் முழுக்க இங்கே ரூம் எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை சிதம்பரம் போவார். அம்மா இல்லாத பெண். அத்தை இருசம்மாள்தான் கூட இருக்கிறார், அவரிடம் போன் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் பதினொரு மணிக்கு மாமாவும் நானும் ஒன்றாகத்தான் டீ குடிப்போம்.

மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். உறவெல்லாம் இல்லை, பழக்கம். டீக்கடைக்கு ஸ்கூட்டரில் போகிற ஐம்பது அடிக்குக்கூட ஹெல்மெட் போடுகிற மனிதர். லோகோவுக்காக அவரும் மகளும் சேர்ந்து நிற்கும் போட்டோவைக் கொண்டுவந்து தந்தார். அவர் கை அவள் தோள்மேல் இருக்கும். “எம்பொண்ண மட்டும் வெட்டி எடுத்துக்கப்பா, இந்தக் கெழவன் எதுக்கு?” என்று சிரித்தார்.

அவளுக்குத் திங்கட்கிழமைக்குள் ஐந்நூறு போன் போயிருக்கும். அவள் போனை அணைத்துவிட்டாள். அன்றைக்குக் குரூப்பில் யாரோ கேட்டார்கள், “அட்மின், அவுங்களுக்கும் ஒரு போஸ்டர் அடிச்சுட வேண்டியதுதான?” நான் கட்டைவிரல் போட்டேன்.

அந்தப் போட்டோவையே எடுத்தேன். மாமாவை வெட்டிவிட்டேன். தோள்மேல் இருந்த விரல்கள் மட்டும் தங்கிவிட்டன. அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றுதான் குரூப்பில் கேட்டவர்களிடம் சொன்னேன். கீழே ‘செம்புழுதி குடும்பத்தார்’ என்று போட்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு என்று புரிந்திருக்கும். டிசைன் சுத்தமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டு ‘உற்றார் உறவினர்’ என்று போட்டேன். மறைவு என்ற இடத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி. கடைப் பெயர் போடவில்லை. புதன்கிழமை விடிகாலையில் அய்யனார் பதினைந்து போஸ்டரைச் சிதம்பரத்தில் ஒட்டினார். கூலிக்கு ஒட்டுகிறவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கெங்கே என்று சொல்லியனுப்பியது நான். பஸ் ஸ்டாண்டு, வண்டிகேட், அப்புறம் அவள் தெரு முனை.

இதுவரைக்கும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இனிமேல் நான் சொன்னால்தான் உண்டு.

புதன்கிழமை பத்து மணி இருக்கும். மாமா கடைக்குள் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். செந்தமிழ்செல்வன் என்று அவருடைய மச்சினர் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்துப் படம் எடுத்து, ‘என்ன மாமா ஆச்சு பாப்பாவுக்கு’ என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

“இது என்னாப்பா இளவரசு?” என்று போனை நீட்டினார். “ரெண்டு நாளா அவ போனு ஆஃப்ல இருக்கு. இது எங்கைடா. மோதிரத்தப் பாரு. இந்தப் படம் ஒங்கிட்டதான இருக்கு?”

விளையாட்டு மாமா, உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள். இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். அடித்திருப்பார். கடை வாசலில் நின்று கத்தியிருப்பார். எதிர் ஆபீஸே வெளியே வந்து பார்த்திருக்கும்.

நான் சொன்னது இது. “ஒங்க சொந்தக்காரங்கதான் நேத்து போன்ல அடிக்கச் சொன்னாங்க மாமா. படமும் அவுங்க அனுப்புனதுதான். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“யாரு சொன்னா?”

“பேரு கேக்கல. அழுதுகிட்டே பேசுனாங்க.”

அந்த அழுகையை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கதோஷமாக இருக்கலாம். ஆர்டர் சொல்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். மாமா அதைக் கேட்டதும் நம்பிவிட்டார். “ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு ஊத்துனாளேடா” என்றார். என்னைத்தான் பார்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பிறகு வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்தார்.

சிதம்பரம் போகிற வழியில், பி.முட்லூர் தாண்டி லாரி தட்டி விழுந்து அங்கேயே போய்விட்டார். தலையில் மட்டும்தான் அடியாம். உடம்பில் வேறெங்கும் சிராய்ப்புகூட இல்லை என்று செந்தமிழ்செல்வன் சொன்னார். அவர் அதைச் சொன்னது என் கடையில் உட்கார்ந்துதான். மாமாவுக்குப் போஸ்டர் அடிக்க வந்திருந்தார். வழக்கம்போல நல்ல போட்டோ இல்லை. என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். அதே படத்தில் இந்தத் தடவை மகளை வெட்டினேன். தோள் போன பிறகு அந்தக் கை அந்தரத்தில் நின்றது. அதை அழிக்க அரைமணி நேரம் ஆனது. நன்றாக வந்திருப்பதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

குரூப்பில் பழைய மெசேஜையெல்லாம் அழித்துவிட்டார்கள். ‘சீரியஸா எடுத்துக்குவாருன்னு யாருக்குத் தெரியும்’ என்று ஒருவர் எழுதினார். எட்டாவது எபிசோடில் மாறன் சாகவில்லை, புழுதிக்குள் ஒளிந்திருந்தான் என்று காட்டினார்கள். எல்லோரும் பட்டாசு வெடித்த வீடியோ போட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலக்கியா கடைக்கு வந்தாள். அந்தப் போஸ்டர் என் வேலை என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும், அதற்குத்தான் வந்தாள் என்று நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள். “அப்பா ஹெல்மெட் இல்லாம வண்டிய தொடவே மாட்டாரேண்ணே. அன்னைக்கு மட்டும் ஏன்?”

அவசரத்தில் மறந்திருப்பார் என்றேன். அவளும் தலையசைத்துவிட்டுப் போனாள். நான் உட்கார்ந்திருந்த மேஜைக்குக் கீழே, பழைய பேனர் துணிக்கு அடியில்தான் அது இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை சார். மாமா மறந்துதான் போனார். அவர் வெளியே போனதும் மேஜைமேல் அதைப் பார்த்தேன். கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். ஸ்கூட்டர் உடனே கிளம்பவில்லை, நாலு தடவை உதைத்தார். நான் அவருக்குப் பின்னால், தொடுகிற தூரத்தில் நின்றேன். மாமா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். திரும்பினால் இன்னொரு தடவை என்னிடம் கேட்பார். அதனால் வண்டி கிளம்பும்வரை, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் நின்றேன்.