இனித்த தக்காளி, கரித்த கிணறு

பாசன சங்கத் தலைவர் ஹினேஸ் ஐயா அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! தக்காளிப் பெட்டியை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஆழ்துளைக் கிணறுகளை மூடும் தீர்மானத்தைத் தோற்கடித்தே தீருவதென்று வந்திருக்கும் தோழர்களே! அனைவருக்கும் இந்த என்கார்னாவின் வணக்கம்.

ஸ்பெயினெங்கும் பெய்யும் மழை நம் அல்மேரியா மாகாணத்தை மட்டும் மறந்துபோகும். பின்னால் மலை மறிக்கிறது, முன்னால் கடல் சிரிக்கிறது. நாம் ஓய்ந்தோமா? திராட்சையைத் தக்கைத்தூளில் பொதிந்து பீப்பாய் பீப்பாயாய்க் கப்பலேற்றினோம். வாங்கியவன் கதவைச் சாத்தினான். பிழைப்புத் தேடி நாமே அல்ஜீரியாவுக்குக் கப்பலேறினோம். திரும்பி வந்து கல்லாங்காட்டில் எருவைக் கொட்டினோம், எருவின்மேல் கடல்மணலைப் பரப்பினோம், அதன்மேல் பிளாஸ்டிக் கூரை வேய்ந்தோம். இன்று குளிர்காலத்தில் பாதி ஐரோப்பா தின்பது நம் தக்காளி! எதனால்? மண்ணுக்கடியில் கிடந்த தண்ணீரால்.

என்ன அங்கே சத்தம்? "அக்கா, பள்ளிக்கூடப் பாடம் போதும், விஷயத்துக்கு வாங்க!" என்கிறாரா? வருகிறேன் தம்பி, வராமல் எங்கே போய்விடப் போகிறேன்!

மூன்று வருடத்துக்கு முன் என் கிணற்றை இன்னும் ஆழமாகத் துளைத்தேன். அந்த வருடம் என் தக்காளி அப்படி இனித்தது. திருவிழாவில் முதல் பரிசு! பக்கத்துத் தோட்டக்காரர், என் கொழுந்தன் இந்தலேசியோ, கேட்டார்:

"அண்ணி, அதே விதை, அதே எரு. உங்களுது மட்டும் எப்படி இப்படி இனிக்குது?"

"எல்லாம் கைராசி தம்பி."

"உங்க காப்பியக் குடிச்சவன் யாரும் இத நம்பமாட்டான் அண்ணி!"

பொய் சொன்னேன், சபையோரே! அந்த வாரமே, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட என் காப்பி கரித்தது. உப்புத்தண்ணீர் கொஞ்சம் குடித்த செடி காயைச் சிறுக்கவைத்து இனிப்பை ஏற்றும். எனக்குத் தெரியாதா? தெரியும். பரிசு வாயை அடைத்தது. நான் இழுத்த இழுப்பில் கடல் நிலத்துக்கடியில் நுழைந்தது. என் கொழுந்தன் கிணற்றுக்கும் போனது. போன மாதம் அவர் கருகிய செடிகளை வேரோடு பிடுங்கினார். "நாத்துல ஏதோ சீக்கு அண்ணி. தோட்டத்த வித்துட்டுப் போறேன்" என்றார். அப்போதும் நான் பேசவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தம்பி இந்தலேசியோ, சீக்கு உங்கள் நாற்றில் இல்லை, என் கிணற்றில். விற்காதீர்கள். மேட்டில் என் பழைய கிணறு இன்னும் நல்ல தண்ணீர் தருகிறது. இனி ஒரு நாள் உங்கள் முறை, ஒரு நாள் என் முறை.

ஹினேஸ் ஐயா, இதோ அந்த ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் கொட்டகைச் சாவி. தீர்மானம் ஜெயித்தாலும் தோற்றாலும் இதைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நடுவில் கத்திய தம்பிக்கும் நன்றி, வணக்கம். இந்த மண்கூஜாவில் இருப்பது பரிசு வாங்கிய அந்தக் கிணற்றுத் தண்ணீர். வரிசையாக அனுப்புகிறேன். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, அப்புறம் கையைத் தூக்குங்கள்.