நாற்பத்தொன்றாம் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தெட்டு. கணவருடனும் ஒரே மகளுடனும் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். கல்லூரியில் பதினெட்டு வருடமாக எழுத்துப் பயிற்சி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். வற்புறுத்தல் எல்லாம் ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. அதையும் சொல்லப் போகிறேன்.

என் வேலை என்னவென்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். எனக்கென்று தனித் துறை கிடையாது. வரலாறு, வேதியியல், வணிகவியல், செவிலியர் படிப்பு, கட்டடப் பொறியியல் என்று எல்லாத் துறை மாணவர்களுக்கும் கட்டுரையும் ஆய்வறிக்கையும் எழுதச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு நியாயம். வரலாற்றில் ஒரு வார்த்தையை யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று துருவ வேண்டும். வேதியியலில் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வணிகவியலில் அட்டவணை இல்லாத பக்கத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இவை எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஆசிரியர்கள் என்னைக் 'கமா மேடம்' என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். சிரித்துக்கொண்டே உட்காருவேன். உள்ளுக்குள் எரியும்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாவது வாரம் எல்லா மாணவர்களும் எழுந்து நின்று, தாங்கள் எழுதிய முதல் வரைவைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட வேண்டும். முதல் வரைவு எழுதுகிறவருக்கு, இரண்டாவதுதான் படிக்கிறவருக்கு என்று சொல்லுவேன். கைதட்டுவார்கள். படித்து முடித்துப் போனவர்கள் எங்காவது என்னைப் பார்த்தால் அந்தக் கிழித்த கதையைத்தான் சொல்லுவார்கள். எந்தத் துறையாக இருந்தாலும் கிழிக்கச் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணியளவில் அந்த ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்தது. காலிப் பாட்டில்களை எடுக்க உள்ளே போன ஆய்வுக்கூட உதவியாளருக்கு முகத்திலும் கைகளிலும் மார்பிலும் தீக்காயம் ஏற்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவரைக் கல்லூரியே மாமா என்றுதான் கூப்பிடும், முதல்வர் உட்பட. சோதனையைச் செய்துகொண்டிருந்தவர் முதுகலை இறுதியாண்டு மாணவி. அவர் அப்போது எடை பார்ப்பதற்குப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். அதன் பின்னர், மறுநாள் காலைக்குள் விபத்து அறிக்கை எழுதிக் கொடுக்கும்படி துறைத் தலைவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அன்று மாலை நாலரை மணிக்கு அந்த மாணவி தன் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். சட்டைக் கையில் கரி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

குறிப்பேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தையும் அதே தாளின் பின்பக்கமான நாற்பத்திரண்டையும் நான் முழுவதும் படித்தேன். படித்த வரி எனக்கு மறக்காது, அது தொழில் கோளாறு. அளவுகளுக்கு நடுவில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார்: "ஆவியை வெளியே இழுக்கும் விசிறி திங்கள்கிழமையிலிருந்து ஓடவில்லை. சாரிடம் இரண்டு தடவை சொன்னேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்றார். பயமாக இருக்கிறது." சார் என்றால் துறைத் தலைவர். தேதியும் நேரமும் போட்டிருந்தது. தீப்பிடிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் எழுதியது.

நான் அவரிடம், "இது ரிப்போர்ட் இல்லம்மா, புலம்பல். பயமா இருக்கு, சார் சொன்னாருன்னு எல்லாம் யாரும் கேக்கல. என்ன செஞ்சே, எவ்வளவு ஊத்தினே, அதை மட்டும் எழுது" என்று சொன்னேன். அவர் என் மேஜையிலேயே உட்கார்ந்து சுத்தமாக ஒரு அறிக்கை எழுதினார். விசிறி அதில் இல்லை, சாரும் இல்லை. அதன் பின்னர் நான் குப்பைக் கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். "நோட்டுல தாளைக் கிழிக்கக் கூடாதுன்னு லேப்ல சொல்வாங்களே மேடம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "லேப்ல கெமிஸ்ட்ரி சொல்லித் தருவாங்க. எழுத்து நான்தான் சொல்லித் தர்றேன்" என்றேன். அவர் கிழித்தார். நான் கையால் தொடவில்லை என்பது உண்மை. கிழிக்கச் சொன்னது நான் என்பதும் உண்மை.

அந்தக் குறிப்பேட்டின் அட்டையிலேயே, தாளைக் கிழிக்கக் கூடாது, தவறாக எழுதியதையும் அழிக்கக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. இன்று இந்த நிலையத்தின் விசாரணை அறையில்தான் நான் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாத் துறைக்கும் எழுதச் சொல்லித் தருகிறவளின் லட்சணம் இது.

பதினெட்டாம் தேதி, ஒன்பதாவது நாள், மாமா இறந்துபோனார். அவர் மனைவி கல்லூரிக்கு வந்து அவருடைய மூக்குக் கண்ணாடியை ஒரு காகித உறையில் வாங்கிக்கொண்டு போனதை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கீழே இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பின்னர் விசாரணைக் குழு அமைத்தார்கள். குறிப்பேட்டில் ஒரு தாள் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்து மாணவியைக் கேட்டதற்கு, எழுத்து ஆசிரியையிடம் காட்டிவிட்டு அவர் சொல்லித்தான் கிழித்தேன் என்று சொல்லியிருக்கிறார். இருபத்தொன்றாம் தேதி திங்கள்கிழமை மதியம் துறைத் தலைவர் என் அறைக்கு வந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு எங்க டிபார்ட்மென்ட்லதானே இருக்கா? ரெண்டாவது வருஷமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"நல்லாப் படிக்கிற பொண்ணு. பிராக்டிகல் மார்க்கெல்லாம் கடைசியில என் கையெழுத்துலதான் போகும்." கொஞ்ச நேரம் என் புத்தக அலமாரியைப் பார்த்தார். "நீங்க எழுத்து சொல்லித் தர்றவங்க. எங்க நோட்டுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்சிருக்கவே மாட்டீங்க."

அடிமடியில் கை வைத்தார். நான் தலையை ஆட்டினேன். கமா மேடம் என்று அவர் அன்று கூப்பிடவில்லை.

மறுநாள் குழுவுக்கு எழுத்து மூலமாகப் பதில் கொடுத்தேன். அதன் நகலை ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். மாணவி என் அறைக்கு வந்தார் என்பதை ஒப்புக்கொண்டு, குறிப்பேட்டின் எந்தப் பக்கத்தையும் நான் படிக்கவில்லை என்றும், எதையும் கிழிக்கச் சொல்லவில்லை என்றும், கிழித்ததைப் பார்க்கவும் இல்லை என்றும் கை கூசாமல் எழுதியிருக்கிறேன். நாலே வரி. முதல்வர் படித்துவிட்டு, "என்ன தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க" என்று மற்றவர்களிடம் காட்டினாராம். வீட்டில் கணவரிடம் சொன்னேன். "ஊர் வம்பு நமக்கெதுக்கு, விடு" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அதற்குப் பதினொரு நாள் கழித்து அந்த மாணவி மறுபடியும் என் அறைக்கு வந்தார். நான் குழுவுக்கு என்ன எழுதிக் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது, யாரும் காட்டவில்லை. குழுவுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் சொல்லித் தந்தபடி ஓரம் விட்டு, பத்தி பிரித்து, ஒரு வார்த்தை கூடுதல் குறைவில்லாமல் எழுதியிருந்தார். மூன்றாவது பத்தியில், "அந்தப் பக்கங்களை என் எழுத்து ஆசிரியை படித்திருக்கிறார். அவரைக் கேட்டால் உண்மையைச் சொல்லுவார்" என்று இருந்தது.

"இதுல ஏதாவது தப்பு இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

கையில் சிவப்புப் பேனா இருந்தது. அந்தப் பத்தியை எடுத்துவிடு என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று பயந்தேன். "இல்லம்மா. நல்லா எழுதியிருக்கே" என்றேன்.

"உங்ககிட்ட காட்டாமக் குடுக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அழுததால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதன் பின்னர் குழு அந்தக் கடிதத்தையும் என் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. மாணவியின் அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம், ஆதாரத்தை அழித்தது, மூன்றாவதாக, மூத்த ஆசிரியை ஒருவரின் பெயரை இழுத்துப் பொய் சொன்னது என்று மூன்று குற்றம் எழுதி, அவரைக் கல்லூரியிலிருந்து நீக்கி, காவல் நிலையத்திலும் புகார் கொடுத்தார்கள். விசிறியைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல் கிடையாது. மூத்த ஆசிரியை என்று என்னை அவர்கள் எழுதியது அதுதான் முதல் தடவை.

நேற்று மாலை அந்த மாணவியை வீட்டிலிருந்து இந்த நிலையத்துக்குக் கூட்டி வந்ததாக என் மகள் வந்து சொன்னாள். "அம்மா, நீ அந்தப் பக்கத்தைப் படிச்சியா, இல்லையா?" என்று நேராகக் கேட்டாள். படித்தேன் என்றேன். துறைத் தலைவர் வந்ததையும் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலை எட்டரை மணிக்கு இங்கே வந்தேன்.

மேலே எழுதியிருப்பதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. கல்லூரிக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது பொய், இங்கே சொன்னது உண்மை. இதனால் என்மேலும் நடவடிக்கை வரும் என்று ஆய்வாளர் சொன்னதைப் புரிந்துகொண்டேன். உள் அறையில் இருக்கும் அந்த மாணவியைப் பார்க்க ஐந்து நிமிடம் அனுமதி கேட்டேன். ஆய்வாளர் அனுமதித்தார். பெண் காவலர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அவர் என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதாகத் தெரிவித்தார். அதையும் இதிலேயே சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)