சந்தனமாரி கழுவிவிட்ட கை

சரி... கூட்டம் முடியுற நேரம், வடை வாசனையும் வந்துருச்சு. இனி நான் பேசுறது யார் காதுலயும் ஏறாதுன்னு எனக்குத் தெரியும். அதனால ஒரே ஒரு சின்னக் கதை, அதைக் கேட்டுட்டு எந்திரிங்க. முன்வரிசை அக்காமாரே, இது உங்களுக்கு. பின்னாடி தூணுக்கு மறைவா உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாரே... இது உங்களைத் திட்டுற கதை இல்ல, தைரியமா எட்டிப் பாருங்க.

பவுன்ராசுன்னு ஒரு பெயிண்டர். கதவு, ஜன்னல், கிரில்லுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கிறதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடியிலயும் கிடையாது.

பெயிண்டர் வீட்டுக்காரங்க இங்க நிறைய இருக்கீங்க. சொல்லுங்க... சாயங்காலம் வேலை முடிஞ்சதும் முதல்ல என்ன பண்ணுவாங்க? மண்ணெண்ணெயில துணியை நனைச்சு, நகக்கண் வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையைக் கழுவுவாங்க. கழுவிட்டு? ஆங்... இப்ப மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டீங்களே. கழுவின கையோட நேரா பிராந்திக் கடைக்கு. கூட வேலை பார்க்கிற செட்டு ஆளுங்க எல்லாரும் ஒண்ணா. கையைக் கழுவு, கடைக்குப் போ... கையைக் கழுவு, கடைக்குப் போ... வருஷக்கணக்கா இதேதான்.

அப்புறம் உடம்பு கெட்டு, மறுவாழ்வு மையத்துல இருந்து, குடியை விட்டுட்டு வீட்டுக்கு வந்தாரு. அவர் பொண்டாட்டி சந்தனமாரி அன்னைக்கே சொல்லிட்டா, இன்னொரு தடவை குடிச்சா மகளைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், திரும்ப மாட்டேன்னு. அவ சொன்னா செய்வா. அது அவருக்கும் தெரியும்.

ஆனா கெட்டிக்காரி, ஒரு வழியும் கண்டுபிடிச்சா. செட்டோட சேர்ந்து கை கழுவினாத்தானே கடைக்குப் போகணும்? கழுவாம அப்படியே வீட்டுக்கு வாங்க, நான் கழுவிவிடுறேன்னா. அப்ப ஒரு இடத்துல கிரில்லுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் வேலை; மனுசன் பச்சைக் கையோட சைக்கிள் மிதிச்சு வருவாரு. கிளி வருது, கிளி வருதுன்னு தெருவே கிண்டல் பண்ணும். வீட்டு வாசல்ல இவ கிண்ணத்துல மண்ணெண்ணெயோட உட்கார்ந்திருப்பா. விரல் விரலாப் பிடிச்சுத் துடைப்பா. கல்யாணத்தன்னைக்குக் கூட அந்தக் கையை அவ்வளவு ஆசையாப் பிடிச்சிருக்க மாட்டா.

அங்கதான் வந்துச்சு வினை.

பகல் முழுக்க மனுசனுக்குக் குடி நெனப்பே இல்ல. வீட்டு வாசல்ல உட்கார்ந்து, இவ கையைப் பிடிச்சதும்... வாய் ஊறுது. நெஞ்சு அடிக்குது. சில நாள் பல்லைக் கடிச்சு மறைச்சாரு. ஒரு நாள் முடியல. பாதி கழுவின கையை உருவிக்கிட்டு எந்திரிச்சு, செருப்பை மாட்டிட்டாரு.

சந்தனமாரி மறிச்சு நின்னா. கத்தல. மெதுவாத்தான் கேட்டா.

"என்னங்க... நான் தொட்டாலே உங்களுக்குக் குடிக்கத் தோணுதா?"

"தெரியல சந்தனம். சத்தியமாத் தெரியல. நீ கையைப் பிடிச்சதும் உள்ள இருந்து எவனோ கிளம்பு, கிளம்புன்னு நெட்டித் தள்ளுறான்."

அந்த நிமிஷத்துல நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? விளக்குமாத்தை எடுத்திருப்போம். அவ என்ன பண்ணா தெரியுமா? பச்சைக் கையோட அவரை ஆட்டோவுல ஏத்தி, அந்த மையத்து டாக்டரம்மாகிட்டயே கொண்டு போய் நிறுத்திட்டா.

டாக்டரம்மா ஏன் இப்படின்னு கேக்கல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னுதான் கேட்டாங்க. கேட்டுட்டு அவர் கையை மோந்து பார்த்தாங்க. அப்புறம் விளக்கினாங்க. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், சிரிக்கக்கூடாது.

நம்ம மூளையில டோபமைன்னு ஒண்ணு ஊறுதாம். நல்லது கிடைச்சா ஊறும். 'இதை மறக்காதே, திரும்பத் தேடு'ன்னு சொல்றதுக்கு. ஜிலேபி தின்னா கொஞ்சம் ஊறும். சாராயம் போனா மடை உடைஞ்ச மாதிரி ஊறும். அப்புறம் நாள் போகப் போக, மூளை உஷாராயிடுது. குடி உள்ள போறவரைக்கும் காத்திருக்கிறதில்ல... குடி வரப் போகுதுன்னு எது சொல்லுதோ, அதைக் கண்டதுமே ஊறிடுது. பவுன்ராசுக்கு எது? மண்ணெண்ணெய் வாசம். வாசம் வந்துருச்சு, சரக்கு வரல... உடனே அது சடார்னு இறங்குமாம், சாதாரணமா இருக்கிறதுக்கும் கீழ. அந்த இறக்கம்தான் மனுசனைச் செருப்பு மாட்ட வச்சது. பாவம், சந்தனமாரி... குடியைத் தடுக்கிறதா நெனச்சு, தினமும் தன் கையாலயே அதைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா.

"அக்கா, உங்க மேல வெறுப்பு இல்ல அவருக்கு. மூளை பழகின பழக்கம் இது. பழசை அழிக்க முடியாது, பக்கத்துலயே புதுசாப் பழக்கலாம்"னாங்க டாக்டரம்மா.

சந்தனமாரி ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"தேங்கா எண்ணெய் போட்டா பெயிண்ட் போகுமா?"

டாக்டரம்மாவுக்குத் தெரியல. பவுன்ராசுதான் சொன்னாரு. "போகும். ஆனா ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்"னுட்டா. மறுநாள்ல இருந்து வாசல்ல கிண்ணத்துல மண்ணெண்ணெய்க்குப் பதிலாத் தேங்கா எண்ணெய்.

அதுக்கப்புறம் ஆசை வரவே இல்லையா? வந்துச்சு. உள்ளதைத்தான் சொல்லணும். வந்தா அவர் மறைக்காம, "வந்துருச்சு சந்தனம்"ம்பாரு. அவ பிடிச்ச கையை விடாம உட்கார்ந்திருப்பா. கொஞ்ச நேரத்துல அது ஓஞ்சு போகும். வர வர, வர்றதே குறைஞ்சு போச்சு.

இப்ப சொல்லுங்க... அவருக்குப் புத்தி இல்லையா? இருக்கு. தப்பானதை அவ்வளவு நல்லாப் பழகிக்கிட்டதுதான் தொல்லை. அக்காமாரே, ஏன்யா குடிச்சேன்னு கேட்டா அவருக்கே பதில் தெரியாது. குடிக்கத் தோணுறதுக்கு முன்னாடி எங்க இருந்தே, எதைப் பார்த்தே, எதை மோந்தேன்னு கேளுங்க. அங்க கையை வைங்க.

அண்ணன்மாரே... உள்ள இருக்கிறவன் கிளம்புன்னு சொன்னா, செருப்பைத் தேடாதீங்க. வீட்ல சொல்லுங்க. வெட்கமா இருக்கா? குடிச்சிட்டு நடுத்தெருவுல ஆடினப்ப வராத வெட்கம், 'எனக்குத் தோணுது, கையைப் பிடிச்சுக்க'ன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்றதுக்கு மட்டும் எதுக்கு வரணும்?