அம்மை குத்தாதவர்கள்

நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. மனைவியின் மடியில் கைக்குழந்தை. அதற்கு அம்மை குத்தத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. பல நாள் வீட்டில் நடந்த பேச்சாக இருக்க வேண்டும். இருவர் குரலிலும் சலிப்பு.

"மேலத்தெரு பயலுக்கு அம்மை குத்துனாக. மறுவாரமே கிணத்துல விழுந்துட்டான்" என்றார் கணவர்.

"குத்துனவுகளா தள்ளிவிட்டாக?"

"எதுத்துப் பேசாத. நீ என்ன டாக்டரா?"

"நீங்க டாக்டரா?"

அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"எங்கய்யாவுக்குக் குத்தல. எங்க சித்தப்பாவுக்கும் குத்தல. அம்புட்டுப் பேரும் நல்லாத்தான இருக்காக?"

அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருக்கிறவுகளை மட்டும் சொல்றீக. போன வருசம் அம்மையில போனாளே நம்ம மூத்தவ, அவளுக்குந்தான் குத்தல. அவளையும் சேத்துச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் அவர்தான் முதலில் எழுந்தார். கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் இறங்கி நடந்தார்.